அருகிலும் ஒரு கடல் உண்டு

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியதும் நம்மிடையே எழும் முதல் கேள்வி, "எங்கே போய் வந்தாய்?" என்பதுதான். எவ்வளவு தொலைவோ அவ்வளவு மதிப்பு! மாணவப் பருவத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். அப்பா ஆண்டுதோறும் எங்களைப் போர்ட்டிக்சனுக்கே அழைத்துச் சென்றதை நண்பர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தைப் போக்கியது ஸ்காட்லாந்திலுள்ள மில்போர்ட் என்னும் சிற்றூர்.

மேற்படிப்புக்காக நான் கிளாஸ்கோவில் இருந்த ஆண்டு அது. கோடையில் பாரிஸ் போக நினைத்தேன். கையிருப்பு இடம் கொடுக்கவில்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் அம்மையார், "மில்போர்ட் போய் வாயேன். சிறு வயதிலிருந்து நாங்கள் அங்கேதான் போகிறோம்" என்றார். கிளாஸ்கோவிலிருந்து லார்க்ஸ் வரை ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம், அங்கிருந்து பெர்ரியில் பத்தே நிமிடத்தில் கம்ப்ரே தீவு, பிறகு பேருந்து. இவ்வளவு அருகில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்ற அலட்சியத்தோடுதான் புறப்பட்டேன்.

பெரிதாக ஒன்றும் இல்லைதான். கடலோரமாக ஒரு தெரு, சில தேநீர்க் கடைகள், ஐஸ்கிரீம், வாடகைச் சைக்கிள். தீவைச் சுற்றி வர 16 கிலோமீட்டர். 1851இல் திறக்கப்பட்ட மிகச் சிறிய பேராலயம் ஒன்று. கரையில் முதலை வடிவப் பாறை. அதற்குச் சிவந்த வாயும் வெள்ளைப் பற்களும் தீட்டி வைத்திருக்கிறார்கள். கோடையிலும் கடல்நீர் எலும்பைக் குத்தியது. மழை வேறு.

அந்த முதலையின் மீது ஒரு பாட்டி தம் பேரனை ஏற்றிவிட்டுப் படம் எடுத்துக் கொண்டிருந்தார். அதே இடத்தில் எடுத்த அவருடைய சிறு வயதுப் படமும் அவர் மகளின் படமும் வீட்டில் இருக்கின்றனவாம். மூன்று தலைமுறைக்கு ஒரே பாறை!

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1812இல் ஹென்றி பெல் என்பவர் 'காமெட்' என்னும் நீராவிப் படகைக் கிளைட் ஆற்றில் ஓடவிட்டார். அதன் பின் பெருகிய நீராவிப் படகுகளால் கரையோர ஊர்களும் தீவுகளும் தொழிலாளிக்கும் எட்டின. ஜூலையில் ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் மூடப்படும் 'கிளாஸ்கோ ஃபேர்' விடுமுறையில் மக்கள் கூட்டங்கூட்டமாகப் படகேறினர். 1960களுக்குப் பின் மலிவான விமானப் பயணம் ஸ்பெயினை அருகில் கொண்டு வந்தது, இவ்வூர்கள் களையிழந்தன. வெயிலைத் தேடிப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுக்கார அம்மையார் ஸ்பெயினையும் பார்த்தவர்தாம். பார்த்துவிட்டும் மில்போர்ட்டுக்கே வருகிறார்.

கையில் காசில்லாதவன் சொல்லும் சமாதானம் என்று சிலர் நகைக்கலாம். வெளிநாடே வேண்டாம் என்பது என் வாதமன்று. கிளாஸ்கோவுக்குப் போனவன் அப்படிச் சொல்லவும் கூடாது. தொலைதூர ஊரை ஒருமுறை பார்த்துப் படம் பிடித்துத் திரும்புகிறோம். அருகிலுள்ள ஊருக்கோ மீண்டும் மீண்டும் போகிறோம். சென்ற ஆண்டு எட்டாத பாறையில் இந்த ஆண்டு ஏறுகிறோம். சென்ற ஆண்டு நம்மோடு ஓடியவர் இந்த ஆண்டு உட்கார்ந்து பார்ப்பதும் அங்கேதான் தெரிகிறது.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் கேட்டேன், "ஏம்பா, எப்பவும் போர்ட்டிக்சனுக்கே போனோம்?"

"எனக்கு லீவு ரெண்டு நாள்தான்யா கெடைக்கும். தூரமாப் போனா வழியிலேயே முடிஞ்சிடும்" என்றார்.

அந்த இரண்டு நாளையும் அவர் முழுமையாக எங்களுக்குத் தந்திருக்கிறார். நானோ அதைச் சொல்லக் கூசியிருக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டாரோடு பக்கத்துக் கடற்கரைக்குப் போய் வாருங்கள். எங்கே போனாய் என்று யாராவது கேட்டால், ஊர்ப் பெயரை உரக்கவே சொல்லுங்கள்.