அறுப்பதற்கு முன்

எங்கள் வீட்டு முன்புறத்தில் ஓராண்டாக ஒரு வழக்கு நடக்கிறது. வழக்குப் பொருள் அப்பாவின் ஹோண்டா சி70. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் இரு பக்கமும் பால் தோம்புகளைத் தொங்கவிட்டு அவர் ஓட்டிய 72 சிசி ‘கப்சாய்’. பின்பக்கத் தகட்டை அறுத்து, ஒற்றை இருக்கை பொருத்த வேண்டும் என்கிறான் தம்பி.

எதையுமே மாற்றக்கூடாது என்பவன் அல்லன் நான். அதன் 6 வோல்ட் விளக்கு மங்கலாகவே எரியும். இரவில் லோரிகள் ஓடும் சாலையில் அதை நம்பிப் போவது பழமைப் பற்று ஆகாது, நண்பர்களே! 12 வோல்ட்டுக்கு மாற்றலாம். கழற்றிய பாகங்களை மைலோ டின்னில் போட்டு வைத்தால் என்றாவது திரும்பப் பொருத்தலாம். அறுத்த தகட்டை என்ன செய்வது? நிறத்தை மாற்றினாலே சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிய வேண்டும் என்பதையும் அவன் மறந்துவிட்டான்.

தோட்டத்தை விட்டு வந்தபின் அப்பா அதிகம் பேசுவதில்லை. சென்ற மாதம் வண்டி கிளம்ப மறுத்தது. பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் என்கிறது கையேடு. அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அப்பா சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகிப் பார்த்தார். “ரொம்ப நெருக்காதே ஐயா, மூச்சு விடட்டும்” என்றார். இரண்டாவது உதையில் வண்டி உறுமியது. அன்று மாலை முழுவதும் பால்காட்டுக் கதைதான். தோம்பு தொங்கிய இரும்புத் தாங்கியில் காய்ந்த பால் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்ட நான் விடவில்லை.

தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. இரும்பு அறுக்கும் இயந்திரம் இப்போது என் விடுதி அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.