ஜெயபுரம் முதல் நாச்சிக்குடா வரை: எமது தரவுகளுக்கு யார் பொறுப்பு?

டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய பேச்சு கொழும்பில் ஒரு விதமாகவும் வன்னியில் வேறு விதமாகவும் கேட்கிறது. கொழும்பில் கேள்விப்பத்திரம், இந்திய நிதியுதவி, நாட்டின் இறைமை என்று விவாதம் போகிறது. வன்னியில் சனம் கேட்பது ஒன்றைத்தான்: "எங்கட விவரத்தை எடுத்து வச்சு என்ன செய்யப் போகினம்?"

இந்தக் கேள்வியைப் படிப்பறிவில்லாதவர்களின் பயம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதற்குப் பின்னால் நாற்பது வருட அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல் எந்த டிஜிட்டல் திட்டமும் இந்த மண்ணில் மக்களின் நம்பிக்கையைப் பெறாது என்பதே எனது நிலைப்பாடு.

முதலில் திட்டம் என்ன என்று பார்ப்போம். தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தின் கீழ் ஒவ்வொருவரினதும் முகப்படம், கைவிரல் அடையாளம், கண் கருவிழிப் பதிவு ஆகியன எடுக்கப்படவிருக்கின்றன. இதற்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் இந்தியாவுடன் கைச்சாத்தானது. 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாக வழங்கப்பட்டது. ஆட்சிகள் மாறியபோதும் திட்டம் கைவிடப்படவில்லை. போலி ஆவணங்களைத் தடுக்கலாம், நலன்புரிக் கொடுப்பனவு உரியவருக்கே போய்ச்சேரும், அலுவலகம் அலுவலகமாக அலையத் தேவையில்லை என்று அரசு சொல்கிறது. இவை நியாயமான நோக்கங்கள்தான். திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மக்களின் தரவுகளைப் பாதுகாப்பதற்காக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தென்னாசியாவிலேயே இப்படியான முழுமையான சட்டத்தை முதலில் கொண்டுவந்த நாடு நாம்தான் என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். 2023 ஜூலையில் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை தொடர்பான பகுதி நடைமுறைக்கு வந்தது. மக்களுக்கு உரிமைகளைத் தருகின்ற, அலுவலகங்களுக்குக் கடமைகளை விதிக்கின்ற முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் அமுலுக்கு வரவேண்டும். அந்தத் திகதி பின்போடப்பட்டது. பின்னர் அதே ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், காலக்கெடுவையே நீக்கிவிட்டு, திகதியை அமைச்சர் வர்த்தமானி மூலம் தீர்மானிக்கலாம் என்று ஆக்கியது.

தரவு சேகரிக்கும் வேலைக்கு அவசரம் காட்டுகிறார்கள். அதைப் பாதுகாக்கும் சட்டத்துக்கோ திகதி இல்லை. நமது கவலை இதுதான்.

பட்டியல்கள் செய்த வேலை

ஜெயபுரம், கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரி பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள ஊர். எண்பதுகளில் இன வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்த மலையக மக்கள் பெருமளவில் குடியேறிய இடம். அதே பிரிவில் கடற்கரைப் பக்கமாக நாச்சிக்குடா இருக்கிறது. 1990 இல் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்த பின் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் வாழும் மீனவக் கிராமம். எனது குடும்பமும் அவற்றில் ஒன்று. இரண்டு ஊர்களின் கதையும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் அரசாங்கப் பட்டியல் ஒன்றின் நிழல் விழுந்திருக்கிறது.

1983 ஜூலையில் கொழும்பில் வீடு வீடாகத் தமிழர்களைத் தேடிச் சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அன்றைய கலவரத்தைப் பற்றி எழுதிய அநேகமானோர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வாக்களிப்பதற்காக மக்கள் நம்பிக் கொடுத்த பெயரும் விலாசமும், எந்த வீட்டைக் கொளுத்துவது, எந்த வீட்டை விடுவது என்று தெரிவு செய்ய உதவின. அப்போது கணினி இல்லை. தாளில் இருந்த பட்டியலே அவ்வளவு செய்தது.

எமக்கு நடந்தது இதற்கு மறுபக்கம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு எல்லாம் பின்னால் விடுபட்டன. புத்தளத்தில் பதிந்தவர்கள் ஊரில் பெயர் இழந்தார்கள். திரும்பி வந்து ஊரில் பதியப் போனால், "நீங்கள் புத்தளத்தில்தானே இருக்கிறீர்கள்" என்றார்கள். புத்தளத்தில் கேட்டால், "உங்கள் ஊர் வடக்குத்தானே" என்றார்கள். எனது வாப்பா ஒரே ஆண்டில் இரண்டு மாவட்டங்களுக்கும் கடிதக் கட்டோடு அலைந்ததை நான் கண்டவன். இடம்பெயர்ந்தோரின் வாக்காளர் பதிவுக்கென்று 2013 இல் தனியான விசேட சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததே, இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று.

ஆக, பட்டியலில் இருப்பதும் ஆபத்தாகலாம், இல்லாமல் போவதும் ஆபத்தாகலாம். பட்டியலை யார் வைத்திருக்கிறார், எதற்குப் பாவிக்கிறார், பிழை இருந்தால் யாரிடம் போய்த் திருத்துவது என்பவைதான் கேள்விகள்.

யுத்தத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடு வீடாக மக்களைப் பதிவு செய்வதற்கு எதிராகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். 2011 மார்ச்சில் அந்தப் பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு உறுதியளித்தது. ஆனால் அதுவரை சேர்த்த விவரங்களைக் கேட்டுப் பார்க்கவோ அழிக்கச் சொல்லவோ மக்களுக்கு அன்று ஒரு சட்டமும் இருக்கவில்லை. நீதிமன்றம் வரை போனவர்களுக்கே கிடைத்தது, இனிச் சேர்க்க மாட்டோம் என்ற வாக்குறுதி மட்டும்தான்.

முஸ்லிம் சமூகம் 2020 இல் இதே பாடத்தை வேறு வடிவில் படித்தது. கொரோனாத் தொற்றாளரின் மதம் தொலைக்காட்சிச் செய்தியானது. ஒரு நோயாளியின் மருத்துவ விவரம் ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக மாறியது. ஜனாஸாக்களை எரிக்கும் கொடுமை 2021 பெப்ரவரி இறுதி வரை தொடர்ந்தது. மருத்துவத் தகவலும் மத அடையாளமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன விளையும் என்பதை இனி எவரும் எமக்கு விளக்கத் தேவையில்லை.

உலக அனுபவமும் வேறல்ல. ருவாண்டாவில் பெல்ஜியக் குடியேற்ற ஆட்சி அடையாள அட்டையில் எழுதிய இனப்பெயர், 1994 இல் வீதித் தடைகளில் யார் உயிர் பிழைப்பது என்பதைத் தீர்மானித்தது. அட்டையை உருவாக்கிய ஆட்சி போய் முப்பது வருடங்களுக்குப் பின் நடந்தது அது. இன்றைய அரசாங்கம் நல்லெண்ணத்தோடு சேர்க்கும் தரவை, நாளை எந்த அரசாங்கம் திறக்கும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது.

அரசாங்கத்தின் பூட்டு எவ்வளவு பலமானது?

நோக்கம் நல்லதாக இருந்தாலும் திறமை வேண்டும். 2023 இல் அரசாங்கத்தின் மேகக்கணினிச் சேவையைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதியே இருக்கவில்லை. பாவனையிலிருந்த மென்பொருளும் காலாவதியான பதிப்பு. மின்னஞ்சல் தொலைந்தால் புதிய கணக்குத் திறக்கலாம். கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். கைவிரல் அடையாளம் களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது?

2024 இல் வெளிநாட்டவர்களுக்கான இலத்திரனியல் விசா வேலை வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்ட விவகாரத்திலும் தரவுப் பாதுகாப்பு ஒரு கேள்வியாக எழுந்தது. ரவூப் ஹக்கீம், சுமந்திரன், சம்பிக்க ரணவக்க ஆகியோர் நீதிமன்றம் சென்றார்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முஸ்லிம், தமிழ், சிங்களத் தலைவர்கள் ஒரே விடயத்துக்காக நீதிமன்றப் படி ஏறியதை நாம் நினைவில் வைக்க வேண்டும். தரவுப் பாதுகாப்பு எந்த ஒரு இனத்தினதும் தனிக் கோரிக்கை அல்ல.

இவை கொழும்பில் நடந்தவை. கிராமத்தில் நிலைமை இன்னும் சாதாரணமானது, அதனாலேயே இன்னும் ஆபத்தானது. அஸ்வெசும விண்ணப்பத்தில் வீட்டின் சுவர், மலசலகூடம், நோயாளி, மின்கட்டணம் என்று ஒரு குடும்பத்தின் முழு வறுமையும் எழுதப்படுகிறது. மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றுக்காக ஏழை இதையெல்லாம் திறந்து காட்டுகிறான். வசதியுள்ளவன் எந்தப் படிவத்தையும் நிரப்பத் தேவையில்லை. அரசாங்கத்திடம் அதிகம் வெளிப்பட்டு நிற்பவர்கள் எப்போதும் ஏழைகளே. அந்த விவரங்கள் போட்டோக் கொப்பிக் கடையின் கணினியில் தங்கி நிற்கின்றன. அடையாள அட்டையின் படம் யாரோ ஒருவரின் சொந்தக் கைத்தொலைபேசிக்கு வட்ஸ்அப்பில் போகிறது. வேலை முடிந்த பின் அதை அழித்தார்களா என்று கேட்பதற்கு எவருக்கும் துணிவில்லை, கேட்கலாம் என்று தெரியவும் தெரியாது.

எமது தேசிய அடையாள அட்டை இலக்கமே ஒரு திறந்த புத்தகம். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்படும். ஆகவே ஒரு பட்டியலில் பெயரோடு இந்த இலக்கமும் சேர்ந்து சுவரில் ஒட்டப்பட்டால், அந்தப் பெண்ணின் வயதும் பிறந்த நாளும் ஊருக்கே தெரிந்துவிடும். தனியாக வாழும் விதவைகளும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் அதிகமுள்ள வன்னியில் இது சின்ன விடயமல்ல.

சட்டம் என்ன தருகிறது? என்ன கேட்க வேண்டும்?

2022ஆம் ஆண்டுச் சட்டம் வெறும் காகிதமல்ல. இனம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து, உடல்நலம், கைவிரல் அடையாளம் போன்ற உயிரியல் தரவு, சிறுவர்களின் தரவு ஆகியவற்றை அது விசேட பாதுகாப்புக்குரியவை என்கிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று அறியும் உரிமை, பிழையைத் திருத்தும் உரிமை, சில சந்தர்ப்பங்களில் அழிக்கச் சொல்லும் உரிமை ஆகியவற்றைத் தருகிறது. அமைச்சுகளும் திணைக்களங்களும் தரவுப் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியான ஓர் உரிமையாக எழுதப்படவில்லை. ஆகவே இந்தச் சட்டத்தின் பெறுமதி இன்னும் கூடுகிறது.

எனவே எமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலாவது, சட்டத்தின் முக்கிய பகுதிகள் அமுலுக்கு வந்து, அதிகாரசபை முறைப்பாடுகளை ஏற்கத் தொடங்கிய பிறகே கைவிரல், கருவிழிப் பதிவு ஆரம்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது, டிஜிட்டல் அடையாளத் தரவில் இனம், மதம் என்ற நிரல்கள் இருக்கக் கூடாது. மூன்றாவது, பாதுகாப்புத் தரப்பினர் இந்தத் தரவைப் பார்ப்பதாயின் நீதிமன்ற உத்தரவு தேவை என்று எழுத்தில் வேண்டும். நான்காவது, படிவமும் விளக்கமும் முறைப்பாட்டு வழியும் தமிழில் இருக்க வேண்டும். ஜெயபுரத்துப் பெண் ஒருவர் தனது பிழையான விவரத்தைத் திருத்தக் கொழும்புக்கு பஸ் ஏறும் நிலை வரக் கூடாது.

அதுவரை கைகட்டி நிற்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது. பிரதேச செயலகமோ பிரதேச சபையோ, எந்த அலுவலகமானாலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். இன்ன படிவத்தில் எடுத்த எனது விவரம் எங்கே இருக்கிறது, வேறு யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை காலத்துக்கு வைத்திருப்பீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் அலுவலகம் கோப்பைத் தேடும். நூறு பேர் கேட்டால் பூட்டுப் போடும்.

இறுதியாக எமது பள்ளிவாசல்களுக்கும் ஒரு வார்த்தை. ஜமாஅத் பதிவேடு, ஸகாத் பெறுவோர் பட்டியல், விவாகப் பிணக்குகள் பற்றிய கோப்பு என்று எமது நிர்வாகங்களும் மக்களின் இரகசியங்களை வைத்திருக்கின்றன. ஸகாத் பெற்றவரின் பெயரையும் படத்தையும் முகநூலில் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒருவர் நம்பிக் கொடுத்த விவரம் அமானிதம். அரசாங்கத்திடம் அந்த அமானிதத்தைப் பேணச் சொல்லும் நாம், பள்ளிவாசல் அலுமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெயபுரத்தில் வாழும் தமிழருக்கும் நாச்சிக்குடாவில் வாழும் முஸ்லிமுக்கும் இந்த விடயத்தில் ஒரே தேவைதான் இருக்கிறது. இரு ஊர்களும் சேர்ந்து தமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது ஒரு திகதி: தரவுப் பாதுகாப்புச் சட்டம் எப்போது அமுலுக்கு வரும்? அந்தத் திகதி வர்த்தமானியில் வரும்வரை கருவிழிப் பதிவு இயந்திரத்துக்கு இங்கே அவசரமில்லை.