வட்டும் பதிவிறக்கமும்

கொடுக்கல் வாங்கலைக் குறிக்கும் சொற்களில் நம் தமிழ்மொழி மிகுந்த நுட்பம் உடையது. பிறரிடம் ஒரு பொருளைக் கேட்கும்பொழுது, தன்னின் மேலானவனிடம் கேட்போன் 'ஈ' என்றும், தன்னோடு ஒத்தவனிடம் கேட்போன் 'தா' என்றும், தன்னின் தாழ்ந்தவனிடம் கேட்போன் 'கொடு' என்றும் கேட்பது மரபு எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. உலக வழக்கிலும் இத்தகைய நுட்பம் இன்றளவும் நிலைத்திருக்கின்றது. விலை கொடுத்து ஒரு பொருளை என்றைக்கும் தனதாக்கிக் கொள்வது வாங்குதல். பயன்படுத்தித் திருப்பித் தருவதற்கெனப் பெறுவது இரவல். காலத்துக்கு இவ்வளவு எனப் பணம் செலுத்திப் பயன்கொள்வது வாடகை. நிலத்தையோ தோப்பையோ குறித்த ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்வது குத்தகை. சொந்தப் படகுக்கும் வாடகைப் படகுக்கும் உள்ள வேற்றுமை யாதென எண்ணூர்க் குப்பத்து மீனவர் ஒருவரைக் கேட்டால், அவர் அதனை ஒரு நொடியில் விளக்கிவிடுவார்.

இத்தனை சொற்களை உடைய மொழியைப் பேசும் நாம், பணம் கொடுத்து ஒரு கணினி விளையாட்டைப் பெறும்பொழுது, அச்செயல் இவற்றுள் எச்சொல்லுக்கு உரியது என்று எண்ணிப் பார்க்கின்றோமா? பெரும்பாலோர் எண்ணுவதில்லை. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணினி விளையாட்டு நல்லதா தீயதா என்பது வேறு வினா. அளவோடு ஆடுவோர் ஆடட்டும். ஆயினும், தாம் கொடுக்கும் பணத்துக்குப் பெறுவது யாது என்பதை அறிந்து ஆடுதல் வேண்டும்.

கணினி விளையாட்டைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அது பதிக்கப்பெற்ற வட்டைக் கடையில் வாங்குதல். மற்றொன்று, இணையத்தின் வழியே அதனை நம் கணினிக்குள் இறக்கிக்கொள்ளுதல். முன்னது கப்பலிலும் வண்டியிலும் ஏறி வரும் சரக்கு. பின்னது கம்பியின் வழியே ஓடி வரும் சரக்கு. வடசென்னையில் வாழ்வோர்க்கு இவ்விரு வழிகளும் புதியன அல்ல. எண்ணூரில் 2001 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இன்று காமராசர் துறைமுகம் என வழங்கும் துறைமுகத்தில் நிலக்கரி வந்து இறங்குகின்றது. மகிழுந்துகள் கப்பலேறிச் செல்கின்றன. அதே வங்கக் கடலின் அடியில், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழை வடம் 2002 ஆம் ஆண்டு முதல் செய்திகளைச் சுமந்து வருகின்றது. கடலின் மேலே கப்பல் வழியும், கடலின் கீழே இணைய வழியும் செல்கின்றன.

முன்னாளில் எண்ணூர் இளைஞர்கள் மின்சார இரயிலில் ஏறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பர்மா பஜாருக்குச் செல்வர்; அல்லது சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் செல்வர். அங்கே விளையாட்டு வட்டுகள் குவிந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ வீட்டில் அமர்ந்தபடியே விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் விளையாட்டு வந்து சேர்கின்றது. பல புதிய கணினிகளில் வட்டினைச் செருகுதற்கு உரிய இடமே இல்லை. 2021 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 என்னும் விளையாட்டுப் பொறி, வட்டு ஏற்பது ஒன்று, வட்டு ஏலாதது ஒன்று என இருவகையாக வந்தது. முன்னதன் விலை 49,990 ரூபாய். பின்னதன் விலை 39,990 ரூபாய். வட்டினைக் கைவிடுவோர்க்கு 10,000 ரூபாய் குறைவு என்பது கண்ணைக் கவரும் செய்தியே.

பதிவிறக்கத்தின் நன்மைகளை மறுத்தல் நடுவுநிலைமை ஆகாது. அலைச்சல் இல்லை, பயணச் செலவு இல்லை. நெகிழி உறையும் அட்டைப் பெட்டியும் குப்பையில் சேர்வதில்லை. வட்டு அடித்து ஊர்தோறும் அனுப்புவதற்குப் பொருள் வசதி அற்ற சிறிய படைப்பாளர்களும் தம் விளையாட்டை உலகெங்கும் விற்க முடிகின்றது. விளையாட்டில் பிழை இருப்பின், அதனைத் திருத்திய படி தானே வந்து சேர்கின்றது. வெள்ளம் புகுந்து வீட்டுப் பொருள் யாவும் கெட்டாலும், கணக்கு இருக்கும்வரை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளநீரும் எண்ணெய்க் கசடும் எண்ணூர்ப் பகுதி வீடுகளுள் புகுந்ததை நினைவிற் கொண்டோர், இந்நன்மையைச் சிறிதென்று கருதார்.

ஆயினும் பதிவிறக்கத்திற்கும் ஒரு செலவு உண்டு. ஓரடுக்கு டிவிடி வட்டு ஒன்று ஒரு புறத்தில் 4.7 ஜிகாபைட் அளவே கொள்ளும். இன்றைய பெரிய விளையாட்டுகள் பல 50 ஜிகாபைட் அளவையும் கடந்துவிட்டன. நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 50 ஜிகாபைட்டை இறக்க 40,000 நொடிகள் வேண்டும். அஃதாவது பதினொரு மணி நேரத்துக்கும் மேலாகும். கைப்பேசியில் நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் வீதம் பெறுவோர், வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இருபத்தைந்து நாள் காத்திருத்தல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இரவில் முடிவது, கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு திங்கள் ஆகின்றது.

இவை யாவும் வசதியைப் பற்றியவை. இனி உரிமையைப் பற்றிக் காண்போம்.

ஒரு வட்டினை வாங்கினால், அவ்வட்டு உங்களுடையது. அதில் உள்ள விளையாட்டின் படைப்புரிமை அதனைப் படைத்தோர்க்கு உரியதே எனினும், அந்த ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆடி முடித்தபின் தோழனுக்கு இரவல் தரலாம். தம்பிக்கு விட்டுச் செல்லலாம். ஒரு தெருவில் ஐந்து சிறுவர் ஆளுக்கொரு வட்டு வாங்கி மாற்றிக்கொண்டால், ஐவரும் ஐந்து விளையாட்டுகளையும் ஆடி மகிழலாம். பதிவிறக்கத்தில் இது பெரும்பாலும் இயலாது. அங்கே விளையாட்டு ஒருவருடைய கணக்கோடு பிணைக்கப்பட்டுள்ளது. கணக்கைப் பிறர்க்குக் கொடுத்தல் கூடாது, விற்றலும் கூடாது. ஏனெனில், அங்கே நீங்கள் பெறுவது பொருள் அன்று. பயன்படுத்துவதற்கு உரிய இசைவு மட்டுமே. அவ்வாறு, நீண்ட ஒப்பந்தத்தின் நடுவே சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் பொத்தானின்மேல் 'வாங்குக' என்றே பெரிய எழுத்தில் பொறித்திருப்பர்.

இச்சொல்லே அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் சட்டப் பொருளாயிற்று. பெறுவது இசைவு மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்துதல் கூடாது என அம்மாநிலம் 2024 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. அது 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கணினி விளையாட்டு விற்பனையில் பெயர்பெற்ற ஸ்டீம் என்னும் இணையக் கடையும், தான் அளிப்பது இசைவே என்று பணம் செலுத்தும் இடத்திலேயே அறிவிக்கலாயிற்று. ஒரு சொல்லின் பொருளைக் காப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

இசைவு நீங்கினால் என்னாகும்? 2009 ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமையற்ற ஒருவர் விற்பனைக்கு இட்டதனால், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நூல்களின் சில படிகளைப் படிப்போருடைய கிண்டில் கருவிகளினின்றும் அவர்கள் அறியாமலே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. பின்னர் மன்னிப்புக் கேட்டதும் உண்மை. ஆயினும், புத்தகக் கடைக்காரர் இரவில் நம் வீட்டுக்குள் வந்து அலமாரியினின்று நூலை எடுத்துச் செல்ல இயலுமா? இங்கே இயன்றது.

நம் நாட்டு மாணவர் நன்கறிந்த சான்று ஒன்றும் உண்டு. பப்ஜி என்னும் கைப்பேசி விளையாட்டை நாட்டின் பாதுகாப்புக் கருதி நடுவணரசு 2020 செப்டம்பர் 2 ஆம் நாள் தடை செய்தது. அக்டோபர் 30 ஆம் நாளோடு அதன் சேவை இந்தியாவில் நின்றது. 2021 இல் அது வேறு பெயர் பூண்டு வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் இணையக் கடைகளினின்று நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் திரும்பி வந்தது. தடை முறையா அன்றா என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. அவ்விளையாட்டினுள் உடைக்கும் கருவிக்கும் பணம் செலவிட்ட சிறுவனுடைய கையில், அது வருவதும் இல்லை, போவதும் இல்லை என்பதே நாம் அறிய வேண்டுவது.

அப்படியாயின், 'வட்டே சிறந்தது' என்று முடிவு செய்துவிடலாமோ எனின், அதற்கும் ஒரு தடை உண்டு. 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டு 2014 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. அதனை வட்டிலும் விற்றனர். ஆயினும், அது நிறுவனத்தின் கணினியோடு இணையத்தின் வழியே தொடர்பு கொண்டாலன்றி இயங்காது. 2024 மார்ச் 31 ஆம் நாள் யூபிசாஃப்ட் நிறுவனம் அத்தொடர்பை நிறுத்தியது. வட்டினைக் கையில் வைத்திருந்தவரும் அன்றோடு ஆட முடியாதவர் ஆயினர். கையில் இருந்தது வட்டு. உயிர் இருந்ததோ வேறிடத்தில். இதனால் வெகுண்ட மக்கள், விற்ற விளையாட்டைச் செயலற்றதாக்குதல் கூடாது என ஐரோப்பிய ஒன்றியத்திற்கு விடுத்த வேண்டுகோளில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். வேறு சில விளையாட்டுகளிலோ, கடையில் விற்கும் பெட்டியுள் முழு விளையாட்டு இருப்பதில்லை. பதிவிறக்குதற்கு உரிய திறவு மட்டுமே இருக்கின்றது. அது வட்டுக் கோலம் பூண்ட பதிவிறக்கம் என்க.

மறுபுறம், பதிவிறக்கத்திலும் உடைமைக்கு ஒப்பான பயன் தரும் கடைகள் உள்ளன. 2008 இல் தொடங்கப்பெற்ற ஜிஓஜி என்னும் இணையக் கடை, பூட்டு எதுவுமின்றி விளையாட்டை இறக்கிச் சேமித்துக்கொள்ள இடந்தருகின்றது. சேமித்த படி, கடை நாளை மறைந்தாலும் இயங்கும். கலிபோர்னியச் சட்டமும் இவ்வாறு நிலையாக இறக்கி வைத்துக்கொள்ளத் தகுவனவற்றுக்கு விலக்கு அளித்துள்ளது.

ஆகவே, வேற்றுமை வட்டிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. ஒருவருடைய இசைவை நாள்தோறும் எதிர்பாராமல் அப்பொருள் இயங்குமா என்பதே கேள்வி. இயங்குமாயின் அது வாங்கிய பொருள். இயங்காதாயின் அது வாடகைப் பொருள்.

இதில் விளையாட்டினும் பெரிய செய்தி ஒன்று அடங்கியுள்ளது. சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தது எங்ஙனம்? ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. ஆனால் கற்றோர் பலர் தத்தமக்கு ஒரு படி எழுதித் தத்தம் இல்லங்களில் வைத்திருந்தனர். ஒரு வீட்டுச் சுவடியைக் கரையான் தின்றால், மற்றொரு வீட்டுச் சுவடி எஞ்சியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று அச்சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கியதனால் 1887 இல் சீவக சிந்தாமணியும், 1894 இல் புறநானூறும் அச்சேறின. சுவடிகள் யாவும் ஒரே மாளிகையில், ஒரே திறவுகோலின்கீழ் இருந்திருப்பின், ஒரு தீயில் யாவும் அழிந்திருக்கும். இன்று விளையாட்டு மட்டுமா ஓரிடத்துப் பூட்டின்கீழ்ச் செல்கின்றது? பாட்டும் படமும் நூலும் அவ்வழியே செல்கின்றன. பலர் கையில் படி இருத்தலே ஒரு பொருளின் நீண்ட வாழ்வுக்குக் காப்பு.

"அங்ஙனமாயின், களவுப் படி எடுத்து வைத்துக்கொள்வோம்" என்று சிலர் கூறுவர். அது நேர்மையன்று. விளையாட்டைப் படைத்தோரும் உழைப்பாளரே. அவர்க்கு உரிய கூலியைக் கொடாமல் கொள்வது திருட்டே ஆகும். ஆனால், நேர்மையாகப் பெற்ற நிரலுக்கு, அழிவினின்று காக்கும்பொருட்டுக் காப்புப் படி எடுத்துக்கொள்ள இந்தியப் படைப்புரிமைச் சட்டம் 1957 இடந்தந்துள்ளது. விலை கொடுத்தவனுக்கும் உரிமை உண்டு என்பதை நம் சட்டம் மறக்கவில்லை.

மாணவ மாணவியரே! அடுத்த முறை ஒரு விளையாட்டுக்குப் பணம் கொடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இணையம் இல்லாதபொழுதும் இஃது இயங்குமா? விற்ற கடை மூடப்பட்டாலும் இஃது இருக்குமா? ஆடி முடித்தபின் பிறர்க்குக் கொடுக்க இயலுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்பது விடையாயின், முழு விலை கொடுத்து வாங்கலாம். 'இல்லை' என்பது விடையாயின், அதனை வாடகை என்று கருதி, வாடகை அளவே கொடுக்கத் தகும். அதற்கு மேல் கொடாதீர்கள். முழு விளையாட்டையும் தாங்கிய பழைய வட்டு குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின், அதனைத் தோழர் சிலர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்து ஆடுதல் இன்னும் நன்று.

துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் கடலிலும் உடல் வருந்தி உழைத்து உங்கள் பெற்றோர் ஈட்டிய பணம் அது. அப்பணத்தைக் கொடுத்து நீங்கள் வாங்குவது, வாங்கியதாகவே இருத்தல் வேண்டும்.