கடல் தெரியாத கடற்கரைச் சாலை

தை பிறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை மோட்டார் சைக்கிளில் செல்வதென நால்வர் முடிவு செய்துள்ளோம். வடகிழக்குப் பருவமழை அப்போது ஓய்ந்திருக்கும். ஆனால் எங்களுள் ஒருவர் இரண்டே நாளில் போய்ச் சேரத் திட்டம் வரைந்திருக்கிறார். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்பது பெயர்தான். பெருந்தொலைவுக்குக் கடல் கண்ணிற்படுவதே இல்லை. பூம்புகாருக்கும், 1620இல் டேனியர் கோட்டை கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக்கும் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். நேரே விரைந்து, 1964ஆம் ஆண்டுப் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்முன் படமெடுத்துத் திரும்புவதற்கா இவ்வளவு பெட்ரோல்?

இருபதாண்டுகளாக வகுப்பில் நெய்தலையும் இரங்கலையும் நடத்துகிறோம். மீனவர் ஊரொன்றில் ஓரிரவுகூடத் தங்கியதில்லை (சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது). ஐந்து நாளாவது வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தில் அவ்வாறே எழுதிவிட்டோம். நான்காமவர் மட்டும் இன்னும் கையெழுத்திடவில்லை.