அரிவாளின் ஜாதகம்

தபால் தலை சேர்ப்பவரை எனக்குத் தெரியும். பழங்காசு சேர்ப்பவரைத் தெரியும். தீப்பெட்டிப் படம் சேர்த்துச் சேர்த்தே வீட்டில் சண்டையை வளர்த்துக்கொண்ட ஒருவரையும் தெரியும். இவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை என்பதுதான் சமீப காலம் வரை என் அபிப்பிராயம். கத்தி சேர்க்கும் நண்பர் ஒருவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போய் வந்த பிறகு, அந்த அபிப்பிராயத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நண்பர் படித்தவர். நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கூடத்தில் மூன்று கண்ணாடி அலமாரிகள், மூன்றிலும் கத்திகள். பெரும்பாலும் அமெரிக்க மடக்குக் கத்திகள். சிலவற்றுக்கு எண் உண்டு, பெட்டி உண்டு, கையெழுத்திட்ட சான்றுச் சீட்டு உண்டு. இத்தனைதான் செய்தோம், இனிமேல் செய்யமாட்டோம் என்று கம்பெனிக்காரன் சத்தியம் செய்து விற்ற கத்திகள் அவை. ஒரே வரிசையில் வந்த இரண்டு கத்திகளுக்குள் என்ன வித்தியாசம், எதில் ஆணி இரண்டு, எதில் மூன்று, எந்த வருஷம் பிடியின் எலும்புக்கு வேறு சாயம் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்மையிலேயே சுவாரசியமானது. அமெரிக்காவில் 'கேஸ்' என்று ஒரு பழைய கத்திக் கம்பெனி. அவர்கள் 1970ல் கத்தியின் அடியில் முத்திரையோடு பத்துப் புள்ளிகள் குத்தினார்கள். அடுத்த வருஷம் ஒன்பது. அதற்கடுத்த வருஷம் எட்டு. இப்படியே வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைந்து 1979ல் ஒரே புள்ளி மிஞ்சியது. புள்ளியை எண்ணினால் கத்தி பிறந்த வருஷம் தெரிந்துவிடும். ஜாதகம் கையிலேயே இருக்கிறது. எண்ணத் தெரிந்த குழந்தைகூடச் சொல்லிவிடலாம்.

இந்த வித்தையை நம்முடைய அரிவாளிடம் காட்டலாம் என்று அவர் நினைத்தார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு.

கீழக்குயில்குடியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் பக்கம், சமண மலையின் காலடியில் இருக்கிறது ஊர். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தீர்த்தங்கரர்கள் கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். மலையடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். எறும்பை மிதிக்கவும் அஞ்சிய முனிவர்கள் மேலே. அரிவாளும் கையுமாகக் காவல் நிற்கும் சாமி கீழே. இரண்டு பேருக்கும் இன்றுவரை சண்டை வந்ததாகத் தெரியவில்லை.

நண்பர் நாடா எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கண்ணில் பட்ட அரிவாளையெல்லாம் தூரத்தில் நின்று படம் பிடித்தார். சாமி அரிவாளைத் தொட்டு அளக்கக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். நோட்டில் 'வகை 1', 'வகை 2', 'வகை 2 – வளைவு அதிகம்' என்று எழுதிக்கொண்டே போனார். திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடிப் பட்டறையில் காரை நிறுத்தினோம். வயதான ஆசாரி ஒருவர். துருத்திக்குப் பதிலாக இப்போது மின்சாரக் காற்றாடி வைத்திருக்கிறார்; மற்றபடி சம்மட்டியும் குறடும் உலைக்களமும் பழையவைதாம். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டிப் பழுக்கக் காய்ச்சி அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார்.

நண்பர் தம் அலமாரியில் இருக்கும் நாட்டு அரிவாள்களின் படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். கதிர் அறுக்கும் அரிவாள் ஒன்றைக் காட்டி, "இதில் பல் எதிர்ப்பக்கத்தில் வெட்டியிருக்கிறது. மிகவும் அபூர்வமான வகை. இதுவரை ஒன்றுதான் கிடைத்திருக்கிறது" என்றார்.

ஆசாரி படத்தைப் பார்த்தார், சிரித்தார். "இது எடக்கைக்காரி அருவா சாமி. பல்லு ஒரு பக்கந்தான் வெட்டுவோம். எடக்கையில அறுக்குறவுகளுக்கு மறுபக்கம் வெட்டிக் குடுக்கணும், இல்லாட்டி கதிரு வழுக்கிக்கிட்டுப் போயிரும்" என்றார்.

அடுத்தது, 'குறுகிய அலகு' என்று பெயரிட்ட ஒன்று. "இது தேஞ்சது. ஒரு ஆயுசு பூராத் தீட்டியிருக்காக" என்றார் ஆசாரி. மூன்றாவது, 'மொட்டை முனை'. "முனை ஒடிஞ்சு போச்சு. திரும்ப அடிச்சு மட்டம் பண்ணியிருக்கு. புதுசு வாங்க அவுகளுக்குக் காசு இல்ல போலருக்கு."

மூன்று அபூர்வ வகைகளும் ஐந்து நிமிஷத்தில் போயின. போன இடத்தில் என்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள். இடக்கையால் கதிர் அறுத்த ஒரு பெண் வந்தாள். ஆயுள் முழுக்க ஒரே அரிவாளைத் தீட்டி உழைத்த ஒரு மனிதன் வந்தான். முனை ஒடிந்த அரிவாளைத் தூக்கி எறிய முடியாத ஓர் ஏழை வீடு வந்தது. எது உயர்ந்தது? 'வகை 2 – வளைவு அதிகம்' என்ற குறிப்பா, இந்த மூன்று பேருமா?

என் கட்சி இதுதான்: தொழிற்சாலைக் கத்தியில் இருக்கும் வித்தியாசம் கம்பெனியின் கணக்கு. பட்டறை அரிவாளில் இருக்கும் வித்தியாசம் வேலையின் கணக்கு. முதலாவதைக் கத்தியைப் பார்த்தே படிக்கலாம். படிக்க வேண்டும் என்றே புள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கத்தியை மட்டும் பார்த்துப் படிக்க முடியாது. பிடித்த கையைப் பார்க்க வேண்டும். வெட்டப்பட்ட பொருளைப் பார்க்க வேண்டும். பனைப் பாளையைச் சீவுகிற அரிவாள் மெல்லிசாகச் சவரக் கத்திபோல இருந்தாக வேண்டும். தடித்த அலகு பாளையைக் காயப்படுத்திவிடும். விறகு பிளக்கிற அரிவாளுக்கு முதுகு கனமாக, பாரம் முனைப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். முள் வெட்டுகிறவனுக்குக் கிளையை இழுத்துப் பிடிக்க முனையில் கொக்கி வேண்டும். கருக்கரிவாளின் பல் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஏனென்றால் அது இழுக்கும்போது அறுக்கிற ஆயுதம். கோயிலுக்கு நேர்ந்துகொண்ட அரிவாளோ ஆளைவிட உயரமாக இருக்கலாம். அது எதையும் வெட்டப் போவதில்லை. திருப்பாச்சேத்தி, திருப்புவனம் பட்டறைகளில் அப்படிப்பட்டவற்றை அடித்துக் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு வளைவை மட்டும் அளப்பது, ஒருவருடைய முகத்தின் அகலத்தை அளந்து அவர் குணத்தைச் சொல்வதற்குச் சமானம்.

அப்படி அளந்தவர்களும் உண்டு என்பதுதான் எனக்கு உறுத்தல். அதுவும் இதே ஊரில். மனிதர்களையே அடையாளக் குறி வைத்துப் பட்டியல் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்பார்கள். அது 1871ல் வடக்கே பிறந்தது. 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914ல் மதுரை ஜில்லாவில் அது முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று கீழக்குயில்குடி. ஊர்க் கள்ளர்கள் ரேகை வைக்க வேண்டும், ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போனால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ந் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ஒரு கத்தி ரசிகரைப் போலீஸ் சர்க்காரோடு ஒப்பிடுவது அநியாயம் என்று நீங்கள் சொல்லலாம். அநியாயம்தான். நண்பர் யாரையும் ஆஜர் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் புத்தியின் போக்கு ஒன்றுதான்: காரணம் கேட்காமல் குறியை மட்டும் எடுத்துக்கொள்வது, குறிக்கு ஒரு வகைப் பெயர் கொடுப்பது, பிறகு பெயரையே நிஜம் என்று நம்பிவிடுவது. ரேகை உருட்டிப் பார்க்கப்பட்ட ஊரில் நின்றுகொண்டு 'வகை 1, வகை 2' என்று எழுதுபவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டாமா?

சினிமாக்காரர்களும் இதே தப்பைத்தான் வேறு வழியில் செய்கிறார்கள். மதுரை என்று திரையில் பெயர் விழுந்ததும் ஒரு வீச்சரிவாள் மின்னுகிறது. அவர்களுக்கு அரிவாளில் ஒரே வகைதான் தெரியும், அது கொலைக்கானது. நம் நாட்டுச் சட்டத்துக்குக்கூட அதைவிட விவேகம் இருக்கிறது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு நீளமான, அல்லது இரண்டு அங்குலத்துக்கு அகலமான அலகுள்ள கூர் ஆயுதங்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று அமைக்கப்பட்டவற்றை விலக்கி வைக்கின்றன. அதாவது சட்டமே நாடாவை வைத்து அளந்துவிட்டு, 'இது எதற்காகச் செய்யப்பட்டது?' என்று ஒரு கேள்வி கேட்கிறது. சேகரிப்பாளர் நாடாவோடு நின்றுவிடுகிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நான் யோக்கியன் அல்ல. சேகரிப்பவர் இல்லாவிட்டால் பொருளே மிஞ்சாது. தஞ்சாவூர் ராஜ்யம் 1855ல் கம்பெனி கைக்குப் போன பிறகு, அரண்மனை ஆயுதசாலையில் இருந்த வாளிலும் ஈட்டியிலும் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். தேறியவை சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கே யாரோ ஒருவர் சிரத்தையோடு 'இது வேறு, அது வேறு' என்று பிரித்திராவிட்டால், இன்று நமக்கு அந்த வேலைப்பாடு தெரிந்திராது. வளரியும் அப்படித்தான். 1795ல் மருது சகோதரர்களில் ஒருவரிடம் அதை எறியக் கற்றுக்கொண்டதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் பட்டாளக்காரர் பின்னால் எழுதி வைத்தார். 1801ல் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்த பிறகு எறிகிற கைகள் குறைந்தன. வளரி மியூசியத்துக்குப் போயிற்று. ஆகவே, சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. சேர்ப்பதைச் சரியாகச் சேர் என்கிறேன்.

சரியாக என்றால் எப்படி? அரிவாளை எடுத்துப் போகிறவர் அதோடு நாலு சங்கதிகளையும் எடுத்துப் போக வேண்டும். யார் அடித்தது, யாருக்காக அடித்தது, எதை வெட்டியது, எத்தனை காலம் தீட்டப்பட்டது. இந்த நாலும் இல்லாத அரிவாள் எத்தனை அழகாக இருந்தாலும் அநாதை. கண்ணாடி அலமாரி அதற்கு வீடாகாது.

பட்டறையில் நடந்த கடைசிக் காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று அபூர்வங்களையும் இழந்த நண்பர் தளரவில்லை. "ஐயா, எனக்கு நூறு அரிவாள் அடித்துக் கொடுங்கள். நூறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று முதல் நூறு வரை எண் குத்த வேண்டும். நூற்றோடு நிறுத்திவிட வேண்டும். நீங்கள் கேட்கிற விலை" என்றார்.

ஆசாரிக்குப் பணம் வேண்டாம் என்று இல்லை. பட்டறை நிலைமை பார்த்தாலே தெரிகிறது. யோசித்தார். பிறகு கேட்டார்: "யாருக்கு சாமி? எத வெட்டுறதுக்கு?"

நண்பரிடம் பதில் இல்லை. நூறு அரிவாளுக்கும் சேர்த்து ஒரு கைகூட அவரிடம் இல்லை.

"ஆள் தெரியாம, வேல தெரியாம எப்புடி அடிக்கிறது? எடை எங்க நிக்கணும்னு இரும்புக்கு எப்புடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் உலையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகப் பட்டறை மூலையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினார். 2021 செப்டம்பரில் போலீஸார் ரௌடிகளைத் தேடி வேட்டை நடத்தியபோது, அரிவாள் செய்பவர்கள் வாங்குகிறவரின் பெயர், விலாசம், எதற்காக என்ற விவரங்களை எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னார்கள் அல்லவா? அந்த நோட்டு. "எழுதாம குடுக்க முடியாது சாமி" என்றார்.

வாங்கிப் புரட்டினேன். பேரன் எழுதியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து. ஒரு பெயர், ஓர் ஊர், 'வாழை இலை அறுக்க'. இன்னொரு பெயர், 'கருவேலம் முள் வெட்ட'. இன்னொன்று, 'கருப்பனுக்கு நேர்ந்தது'. பக்கம் பக்கமாக அப்படியே. திருடனைப் பிடிக்க எழுதச் சொன்ன நோட்டில் உழைக்கிறவனின் ஜாதகம் வரிசையாக எழுதப்பட்டுக் கிடக்கிறது.

நண்பருடைய மூன்று அலமாரிகளையும் இந்த ஒரு நோட்டையும் தராசில் வைத்து எது வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் நோட்டைத்தான் எடுத்துக்கொள்வேன்.