பேர் இருந்த இடத்தில் கேள்விக்குறி

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழு நாளுக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். அந்தப் பேரையே அழிக்கிற ஒரு மென்பொருளை நானே எழுதியிருக்கிறேன்.

பெல்மதுளைப் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்துக்கு, கொழுந்துக் கணக்குப் போட விஷுவல் பேசிக் 6-ல் ஒரு படிவம் செய்து கொடுத்தேன். விவரமெல்லாம் அக்சஸில் இருந்தது. அதைத் திரையில் வரிசை வரிசையாகக் காட்ட, வெளி நிறுவனம் ஒன்று செய்த ரெடிமேட் கிரிட்டைப் போட்டேன். கலர், ஃபில்டர், கூட்டுத்தொகை என்று எல்லாம் இருந்தது. பார்க்க ஜோரா இருந்துச்சு. ஆனால் ஆங்கில எழுத்தில் பெயர் போட்டு மட்டும்தான் சோதித்தேன்.

மறுநாள் அங்கே வேலை செய்யும் அக்கா கூப்பிட்டார். "என்னா தம்பி, எல்லாருக்கும் கேள்விக்குறின்னே பேரு வச்சிட்டீங்களா?"

சிரித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், விஷயம் சிரிப்பதற்கில்லை. ஒரு வரியில் கிலோவைத் திருத்திச் சேமித்ததும், கிரிட் அந்த வரி முழுவதையும் திருப்பி எழுதியிருந்தது. அக்சஸில் ஒழுங்காக இருந்த 'கிருஷ்ணவேணி' போய், அங்கேயும் கேள்விக்குறிகள். பேக்கப் இருந்ததால் தப்பினோம்.

காரணம் இதுதான். 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6, எழுத்துகளை உள்ளே யுனிகோடில் வைத்திருந்தாலும், அதன் பெட்டிகளும் கட்டங்களும் பழைய ஆன்சி முறையில்தான் காட்டும். ஆன்சிக்கு மொழிக்கொரு எழுத்துப் பட்டியல் வேண்டும். ரஷ்ய மொழிக்கு 1251, அரபிக்கு 1256 என்று விண்டோஸில் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை, சிங்களத்துக்கும் இல்லை. பட்டியலில் இல்லாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

"பாமினி ஃபொண்ட் போடலாமே" என்பார்கள். திரையில் தமிழ் தெரியும்தான், ஆனால் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. யுனிகோடில் தட்டித் தேடவும் முடியாது, அகரவரிசையும் வராது. "பேசாமல் இங்கிலிஷில் போடு" என்பது இன்னொரு யோசனை. ஒரே கிருஷ்ணவேணியை மூன்று பேர் மூன்று மாதிரி எழுதுவார்கள். அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதியில் ஒன்று. பிறகு சத்தியக்கடதாசியோடு அலைவது நம்ம அம்மாமார்தான்.

வெளியார் கிரிட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைக்ரோசாப்ட் கொடுத்த ஃபிளெக்ஸ்கிரிட்டே வீடியோசாஃப்ட் என்ற வெளி நிறுவனம் செய்த கட்டத்தின் சுருக்கப் பதிப்புதான். நாமே எழுத உட்கார்ந்தால் மாதக்கணக்கில் ஆகும். யுனிகோடைச் சரியாகக் கையாளும் கிரிட்டுகளும் இருக்கின்றன. கலரைப் பார்த்து எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

காசு கொடுக்கும் முன்னே டெமோவில் 'கிருஷ்ணவேணி' என்று தமிழில் தட்டுங்கள். சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பாருங்கள். பக்கத்துக் கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றி, பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் இருப்பது 64-பிட் அக்சஸா என்றும் கேளுங்கள். அதில் 32-பிட் கிரிட் திறக்கவே திறக்காது. கிரிட் முழு வரியையும் எழுத விடாமல், மாறிய கட்டத்தை மட்டும் சேமிக்கும்படி நிரலை எழுதுங்கள்.

இதற்கெல்லாம் பத்து நிமிஷம் போதும். நான் அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்தேன். அந்த அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சரிபார்த்தார்.