ஐயாயிரம் ரூபாய் ரேசர்: காசு கூர்மைக்கா, கைப்பிடிக்கா?

சவரக் கருவியின் விலை ஏறிக்கொண்டே போகிறது. முகத்தில் படுவது என்னவோ அதே நாலு ரூபாய் பிளேடுதான்.

வடகரப்பதி பஞ்சாயத்தில் கூர்மை என்பது பிழைப்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி இருக்கும் தமிழ் பேசும் ஊர்கள் இவை. கேரளத்தின் கள்ளுக் கடைகளுக்குப் பெருமளவு கள் போவது இந்தச் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான். பாளை சீவுகிறவர் கத்தியைத் தீட்டாமல் மரமேறுவதில்லை. மழுங்கிய கத்தி பாளையைச் சீவாது, நசுக்கும். கள் வரத்து குறைந்துவிடும். கத்தியின் பிடி கைக்கு அடக்கமாக இருந்தால் அவருக்குப் போதும்.

தாடைக்கு வரும்போது மட்டும் இந்தத் தெளிவு காணாமல் போய்விடுகிறது. வேலந்தாவளத்துக்கும் ஒழலப்பதிக்கும் இப்போது கூரியர் வருகிறது. கைபேசித் திரையில் பளபளவென்று வந்து நிற்கிறது ஒரு ரேசர். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துத் தயாரிப்பு, அல்லது முழுவதும் துருப்பிடிக்காத எஃகில் கடைந்தது. விலை நாலாயிரம், ஐயாயிரம். பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. "ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் போதும், பிளேடு செலவு மிச்சம்" என்பது விற்பவர்களின் வாதம். மாதச் சம்பளக்காரர் யோசிக்கிறார். கூலிக்குப் போகிறவரின் மகன், முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒன்று வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறான். கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற சரக்குதானா அது?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒருவர் வருஷத்தில் 300 தடவை சவரம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் கூருள்ள பழைய பாணி பிளேடு ஒன்று நாலு ரூபாய், ஐந்து சவரத்துக்குத் தாங்கும் என்றால் வருஷத்துக்கு 60 பிளேடு, 240 ரூபாய். மூன்று பிளேடு சேர்த்துப் பூட்டிய கார்ட்ரிட்ஜ் ஒன்று 130 ரூபாய், பன்னிரண்டு சவரம் வரும் என்றால் வருஷத்துக்கு 25 கார்ட்ரிட்ஜ், 3,250 ரூபாய். வித்தியாசம் மூவாயிரத்துக்கு மேல். ஐயாயிரம் ரூபாய் ரேசர் இரண்டு வருஷத்துக்குள் தன் விலையை மீட்டுத் தந்துவிடும். விற்பவர்கள் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அதில் பொய் இல்லை.

ஆனால் பாதிக் கணக்குதான் அது. அதே நாலு ரூபாய் பிளேடு 300 ரூபாய் சாதாரண ரேசரிலும் கச்சிதமாகப் பொருந்தும். மிச்சமாகும் மூவாயிரமும் பிளேடு மாறியதால் வந்ததே தவிர, கைப்பிடி மாறியதால் வந்ததல்ல. ஐயாயிரத்தை ஒப்பிட வேண்டியது அந்த 300 ரூபாயோடு. மலிவு ரேசர் மூன்று வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பாழாகிறது என்றே வைத்தாலும் ஆகும் செலவு வருஷத்துக்கு நூறு ரூபாய்தான். அது ஐயாயிரத்தை எட்ட 50 வருஷம் ஆகும். 25 வயதில் வாங்கியவருக்கு முதல் திரும்பும்போது வயது 75.

எந்தப் பிளேடும் எந்த ரேசரிலும் பொருந்துகிற இந்தச் சௌகரியம் கம்பெனிகள் மனமுவந்து தந்ததல்ல. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. கிங் கேம்ப் ஜில்லெட் 1901-ல் பாஸ்டன் நகரத்தில் கம்பெனி தொடங்கினார். விற்பனை ஆரம்பமான 1903-ல் போனவை வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷமே 90,000 ரேசருக்கு மேல் விற்றது. 1904-ல் காப்புரிமையும் கிடைத்தது. அன்று ஒரு ரேசர் ஐந்து டாலர். அமெரிக்கத் தொழிலாளிக்குக் கிட்டத்தட்ட அரை வாரக் கூலி. 1918-ல், முதல் உலகப் போரின் கடைசி வருஷத்தில், அமெரிக்க ராணுவத்துக்காக 35 லட்சம் ரேசர்கள் வாங்கப்பட்டன. போர்முனையில் சுயசவரம் பழகியவர்கள் ஊர் திரும்பியும் அதை விடவில்லை.

ரேசரைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு பிளேடில் காசு பார்ப்பது ஜில்லெட்டின் தந்திரம் என்று வியாபாரப் பாடங்களில் சொல்வார்கள். சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை மறுத்தது. காப்புரிமை கையில் இருந்த வரை ஜில்லெட் ரேசரின் விலையை உயரத்திலேயே வைத்திருந்தது. 1921-ல் உரிமை காலாவதியாகி யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம் என்று ஆன பிறகே விலை இறங்கியது. காலப்போக்கில் இருபக்கப் பிளேடின் அளவு உலகத்துக்கே பொதுவாகிப் போனது.

இந்தியாவில் அதன் பலனை அனுபவிக்காத வீடு குறைவு. கல்கத்தாவின் மல்ஹோத்ரா குடும்பத்தார் தந்த பனாமாவும் டோபாஸும் பெட்டிக்கடைகளில் ஒற்றை ஒற்றையாக விற்றன. யாருடைய பிளேடையும் யாருடைய ரேசரிலும் மாட்டலாம் என்பதால் விலை ஏற வழியில்லாமல் இருந்தது. இரட்டைப் பிளேடு கார்ட்ரிட்ஜ் 1971-ல் அமெரிக்காவில் வந்தபோது வழி பிறந்தது. ஒரு கம்பெனியின் பிடிக்கு அதே கம்பெனியின் கார்ட்ரிட்ஜ்தான். 1998-ல் பிளேடு மூன்றானது, 2006-ல் ஐந்தானது. கூடவே விலையும் ஏறியது. அதில் சலித்துப் போனவர்கள் பழைய ரேசரைத் தேடித் திரும்பினார்கள். ஐயாயிரம் ரூபாய் ரேசருக்குச் சந்தை உருவானது அப்படித்தான். காசு மறுபடியும் கைப்பிடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் விலையுயர்ந்த ரேசரில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ரேசரின் வேலை மூன்றுதான். பிளேடை அசையாமல் கவ்வ வேண்டும். கூரின் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிளேடுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே உள்ள சந்து சரியாக இருக்க வேண்டும். பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கவ்வுதல் தளர்ந்தால் அது முடியில் பட்டு அதிரும். தோல் எரிவதும் கீறுவதும் அப்போதுதான். மட்டமான அச்சில் வார்த்த மிக மலிவான ரேசர்களில் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் பிளேடு நீட்டிக்கொண்டிருப்பது உண்டு. அதைத் தவிர்க்கக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே.

அடுத்தது உலோகம். சாதாரண ரேசர்களின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் பூசியது. பூச்சு விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து அரிக்கும். திருகுமரை உடையும். எஃகுக்கு இந்தக் கவலை இல்லை. இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. விலை அதிகம் என்பதால் மட்டும் எஃகு என்று அர்த்தமில்லை. பேர்பெற்ற ஜெர்மன் ரேசர்களான மெர்க்கூர் 34சி, மூலே ஆர்89 இரண்டின் தலையும் குரோமியம் பூசிய துத்தநாகக் கலவைதான். வார்ப்பும் பூச்சும் நேர்த்தியானவை, அவ்வளவே. முழு எஃகு வேண்டுமென்றால் கனடாவின் ராக்வெல் 6எஸ் போன்றவற்றுக்கு இன்னும் மேலே போக வேண்டும்.

கூர்மை விஷயத்தில் கைப்பிடிக்கு எந்தப் பங்கும் இல்லை. எஃகோடு ஒப்பிட்டால் தலைமுடி ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியும் பிளேடு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். கூர் மெல்ல மெல்லத் தேய்வது மட்டுமல்ல, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்தும் விழுகிறது. எஃகின் உள்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளைந்து சாய்வாக நிற்கும் முடி குறிப்பிட்ட விதத்தில் படும்போது அது நேர்கிறது. பிளேடின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் எஃகும் பூச்சும்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதை எந்த ரேசரில் மாட்டினாலும் எஃகு அதேதான்.

வடகரப்பதிக்காரருக்கு இதைவிட முக்கியமானது தண்ணீர். கேரளத்தின் மற்ற மாவட்டங்கள் மழையில் நனையும்போது, மழை மறைவுப் பகுதியான இந்தக் கிழக்குப் பஞ்சாயத்துகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல வீடுகளில் புழங்குவது போர் தண்ணீர்தான். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, திரிந்து போகிறது. நுரை இல்லாத தாடையில் எவ்வளவு உசத்தியான ரேசரும் வறட்டு வறட்டென்றுதான் இழுக்கும். ரேசரைக் கழுவி அப்படியே வைத்தால் மறுநாள் வெள்ளைப் படலம் பூத்திருக்கும்.

தண்ணீரை மறந்து அவதிப்பட்டவர்களில் ஜில்லெட்டும் உண்டு. இந்தியாவுக்கென்று 2002-ல் கொண்டுவந்த ரேசரை அது முதலில் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம். அவர்களுக்குப் பிடித்திருந்தது. இந்தியாவில் எடுபடவில்லை. அந்த மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர். இங்கே பலர் தரையில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரையும் கைக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு சவரம் செய்பவர்கள். அவர்கள் கையில் ரேசர் முடி அடைத்துக்கொண்டது. பிறகு கம்பெனி ஆட்கள் இந்திய வீடுகளுக்கே வந்து பார்த்தார்கள். 2010-ல் வந்த ஜில்லெட் கார்டு அதன் விளைவு. ஒரே பிளேடு, எளிதில் அலசக்கூடிய தலை, மொத்தம் நாலே பாகங்கள். ரேசர் 15 ரூபாய், மாற்று கார்ட்ரிட்ஜ் ஐந்து ரூபாய். விலை பின்னால் ஏறினாலும், பாமரனின் சவரத்துக்கு என்ன தேவை என்பதை அந்தக் கம்பெனி பாடமாகக் கற்றது அப்போதுதான்.

ஆகவே ஐயாயிரம் செலவழிக்கும் முன் செலவில்லாத சில காரியங்களைச் செய்து பார்க்கலாம். சுடுதண்ணீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் தாடையில் வைத்தால் முடி ஊறி இளகும். வெட்ட வேண்டிய விசை வெகுவாகக் குறையும். முகம் நனைக்கவும் நுரைக்கவும் மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளலாம். ரேசரை அழுத்தாமல் அதன் கனத்திலேயே இறங்க விட வேண்டும். முடி வளரும் போக்கிலேயே முதல் இழுப்பு. முடிந்ததும் பிளேடை உதறி, ரேசரைத் துடைத்துக் காயவைத்தால் படலம் படியாது. இரண்டு மூன்று வகை பிளேடை வாங்கி மாற்றிப் பார்த்தால் அவரவர் தாடிக்கு ஏற்றது தெரிந்துவிடும். அதற்கு ஆகும் மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு.

இதற்கெல்லாம் பிறகும் தோல் எரிகிறது என்றால் ஐந்நூறு, ஆயிரம் ரூபாயில் சீராக வார்த்த ரேசர் ஒன்று வாங்கலாம். வாங்கும்போது பிளேடை மாட்டி, கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதிப்பது நல்லது. சுருட்டை முடிக்காரர்களுக்கு, பல பிளேடு கார்ட்ரிட்ஜ் முடியைத் தோலுக்குக் கீழே வெட்டிவிடுவதால், முடி உள்ளேயே வளைந்து கொப்புளம் வருவதுண்டு. ஒற்றைப் பிளேடுக்கு மாறினால் அவர்களில் பலருக்கு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்கும் 300 ரூபாய் ரேசரே போதும்.

ஐயாயிரம் ரூபாய் ரேசர் யாருக்கு? நல்ல பொருளைக் கையில் பிடிப்பதில் சந்தோஷம் காண்பவருக்கு. மகனுக்கும் அதையே கொடுத்துவிட்டுப் போக நினைப்பவருக்கு. நல்ல கைக்கடிகாரம் வாங்குவது போல அது. தப்பே இல்லை. ஆனால் மிச்சம் பிடிக்கிறோம் என்ற எண்ணத்தில் வாங்கினால் ஏமாற்றம்தான்.

பணக் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. கார்ட்ரிட்ஜ் பிளாஸ்டிக்கும் எஃகும் ஒட்டிப் பிணைந்த குப்பை, பிரிப்பது கடினம். இருபக்கப் பிளேடு முழுவதும் எஃகு. ஆனால் அதை அப்படியே குப்பையில் போட்டால் கையைக் கிழிக்கும். கேரளப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் குப்பையைச் சேகரித்துத் தரம் பிரிப்பவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். தீர்ந்த பிளேடுகளை ஒரு பழைய தகர டப்பாவில் துளை போட்டுச் சேர்த்து வைத்து, நிறைந்ததும் வாயை அடைத்து, உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லிக் கொடுத்தால் ஒருவர் கை தப்பும்.

தென்னை மேல் இருப்பவரிடம் கேட்டால் இவ்வளவு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. வெட்டுவது கூர், பிடி கைக்கு அடங்கினால் போதும்.